‘தேங்க்ஸ்’ சொன்னா கோபம் வரும்!

ஒரு நாள், ஒரே ஒரு நாள், சட்டைப் பையில் சின்ன நோட்டு ஒன்றை வைத்துக்கொண்டு, ‘தேங்க்ஸ்’ சொல்லும்போதெல்லாம் ஒரு கோடு போட்டுக்கொண்டே வாருங்களேன். லிஃப்ட் கதவைப் பிடித்துக் கொண்டவருக்கு ஒன்று. பேங்க்கில் பேனா இரவல் கொடுத்தவருக்கு ஒன்று. (பேனாவைத் திருப்பிக் கொடுத்ததற்கு அவர் உங்களுக்குப் பதிலுக்கு இரண்டு சொல்வார். அபூர்வமான காரியமாயிற்றே!) பஸ்ஸில் நகர்ந்து இடம் கொடுத்தவருக்கு, சில்லறை கொடுத்த கடைக்காரருக்கு, ‘ராங் நம்பர் சார்’ என்று அன்பாகச் சொன்ன முகம் தெரியாத மனிதருக்கு...

ராத்திரி படுக்கப் போகும்போது கணக்குப் பாருங்கள். பத்து, பதினைந்து கோடாவது தேறும். அதில் வீட்டு வாசற்படிக்கு உள்ளே விழுந்தது எத்தனை?

நண்பர்கள் நாலைந்து பேருக்கு இந்தப் பரீட்சையை வைத்தேன். ஒருத்தர் மட்டும் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு, “வீட்டுலயும் ஒண்ணு சொன்னேன் சார்!” என்றார். யாருக்கு என்று விசாரித்தால், கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவருக்காம்!

இதற்காக நம்மை நாமே ‘நன்றி கெட்ட ஜென்மம்’ என்று திட்டிக்கொள்ள வேண்டியதில்லை. இந்த விஷயத்தில் உலகம் பூராவும் நமக்குக் கூட்டாளிகள் இருக்கிறார்கள். எந்தெந்த ஊரில் நன்றியை எப்படிச் சொல்கிறார்கள், எங்கே எப்படிச் சொல்லாமல் இருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டு போனால் சுவாரஸ்யமான சங்கதிகள் கிடைக்கின்றன. வாருங்கள், பாஸ்போர்ட், விசா இல்லாமல் ஒரு ரவுண்டு போய் வரலாம்.

காசியா? காசா?

முதலில் மலேசியா. நம் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் நாடு. அங்கே மலாய் மொழியில் நன்றிக்கு ‘தெரிமா காசி’. முதல் தடவை கேட்கும் நம்மூர்க்காரர், யாரோ காசிக்கு வழி கேட்கிறார்கள் என்றுதான் நினைப்பார். காசியும் இல்லை, காசும் இல்லை. ‘தெரிமா’ என்றால் பெற்றுக்கொள்வது. ‘காசி’ என்றால் அன்பு. ஒரு டீ வாங்கிக் கொடுத்தால்கூட ‘அன்பைப் பெற்றுக்கொள்’ என்று சொல்லிவிடுகிறார்கள். பதிலுக்கு ‘ஸாமா ஸாமா’ என்று சொல்ல வேண்டும். நம்ம ‘சமம்’ இருக்கிறதே, அதேதான். ‘நீ ஒன்றும் எனக்குக் கடன்பட்டுவிடவில்லை, சரிக்குச் சரி’ என்று அர்த்தம். கடைகளில் ‘தெரிமா காசி, ஸிலா டாத்தாங் லாகி’ என்று போர்டு தொங்கும். பயந்துவிடாதீர்கள். நம்ம ஊர் எல்லையில் பேரூராட்சிக்காரர்கள் எழுதி வைக்கிற அதே ‘நன்றி! மீண்டும் வருக!’

ரஷ்யர்களுக்கு ‘ஸ்பஸீபா’. இது ‘கடவுள் காப்பாற்றட்டும்’ என்கிற பழைய வாக்கியம் தேய்ந்து ஒரே வார்த்தையானது. 1991ல் சோவியத் யூனியன் கலைகிற வரை, கடவுளே இல்லை என்ற கொள்கையோடு ஆட்சி நடந்தது. ஆனால், ரொட்டிக் கடை க்யூவில் நின்றவர் ரொட்டியைக் கையில் வாங்கியதும், தன்னையறியாமல் கடவுளைக் கூப்பிட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். கொள்கை வேறு, வாய்ப் பழக்கம் வேறு!

பிரெஞ்சுக்காரர்களின் ‘மெர்ஸி’க்கு மூலம் ஒரு லத்தீன் சொல். அதற்குக் கூலி, விலை என்று பொருள். அது கொஞ்சம் கொஞ்சமாகக் கருணை என்று மாறி, அப்புறம் நன்றி ஆகிவிட்டது. இந்த ‘மெர்ஸி’யை ஈரானிலும் சொல்கிறார்கள். ஆர்மீனியாவிலும் சொல்கிறார்கள். ஆர்மீனியர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அவர்களுடைய சொந்த வார்த்தை ‘ஷ்னொர்ஹகாலுத்யுன்’. சொல்லி முடிப்பதற்குள் காபி ஆறிவிடும். ‘மெர்ஸி’ என்று சுருக்கமாக முடித்துக் கொள்கிறார்கள்.

அயர்லாந்தின் ஐரிஷ் மொழியில் நன்றிக்குத் தனி வார்த்தையைத் தேட வேண்டாம். ‘உனக்கு நல்லது உண்டாகட்டும்’ என்று ஒரு முழு ஆசீர்வாதத்தையே சொல்லிவிடுகிறார்கள். கிராமத்துக் கிழவி ஒருத்திக்கு ரோட்டைக் கடக்க உதவிப் பாருங்கள். “மகராசனா நல்லாருப்பே சாமி!” என்பாள். அதேதான்.

ஆங்கிலத்து ‘தேங்க்’குக்கும் ‘திங்க்’குக்கும் வேர் ஒன்றே. நன்றி சொல்வதும் நினைப்பதும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். நம்ம ஊரில் ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்றார்கள். ‘உள்ளளவும் தேங்க்ஸ் சொல்’ என்று சொல்லவில்லை பாருங்கள்!

மெச்சிக்கொண்ட மாமியார்

ஜப்பானியர்களின் ‘அரிகாதோ’ எல்லோருக்கும் தெரியும். ‘அது போர்ச்சுக்கீசியரின் ஒப்ரிகாடோவிலிருந்து வந்தது’ என்று சில பேர் அடித்துச் சொல்வார்கள். நம்பாதீர்கள். போர்ச்சுக்கீசியர் ஜப்பான் கரையில் கால் வைத்தது 1543ல். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தச் சொல் அங்கே புழக்கத்தில் இருந்தது. ‘இருப்பதற்கு அரியது’, அதாவது அபூர்வம் என்பதுதான் அதன் மூலப்பொருள்.

சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஜப்பான் அரண்மனையில் ஸெய் ஷோனாகோன் என்று ஓர் அம்மாள் இருந்தார். மகாராணிக்குத் தோழி. ‘தலையணைப் புத்தகம்’ என்று ஒன்று எழுதினார். அதில் ‘அபூர்வமானவை’ என்று ஒரு பட்டியல் வருகிறது. தலைப்பில் இதே சொல்தான். மாமனார் வாயால் பாராட்டு வாங்கும் மாப்பிள்ளை அதில் உண்டு. மாமியார் மெச்சும் மருமகளும் உண்டு. எஜமானனைப் பற்றிக் குறை பேசாத வேலைக்காரன்கூட உண்டு!

ஆயிரம் வருஷம், ஆறாயிரம் கிலோமீட்டர். மாமியார் விஷயம் மட்டும் எங்கேயும் மாறவில்லை. அந்தப் பட்டியலில் இருந்த சொல்தான் தேய்ந்து, உரு மாறி இன்றைய ‘அரிகாதோ’ ஆயிற்று. ‘நீங்கள் செய்தது சாதாரணமாக நடக்கிற காரியமில்லை’ என்று அதற்குள் ஒரு பாராட்டு ஒளிந்திருக்கிறது.

ஜப்பானியர் நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் மன்னிப்பும் கேட்பார்கள். ‘ஸுமிமாஸென்’ என்பார்கள். ‘இது இதோடு தீரவில்லை’ என்று அர்த்தம். உங்களுக்கு நான் பட்ட கடன் இன்னும் பாக்கி இருக்கிறது என்ற பொருளில் சொல்வது. நாமும் ஒருவர் வீட்டில் காபி குடித்துவிட்டு எழுந்திருக்கும்போது, “உங்களுக்குத்தான் ரொம்ப சிரமம் கொடுத்துட்டோம்” என்கிறோமே, அது போலத்தான்.

‘சௌக்கியமா?’ என்று கேட்டால் அவர்கள் சொல்லும் பதில்: ‘ஒகாகேஸாமா தே’. ‘உங்கள் நிழலில் நன்றாக இருக்கிறேன்’. நம்ம ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். “ஏதோ உங்க புண்ணியத்துல நல்லாருக்கோம்” என்பார்கள். கேட்டவர் எந்தப் புண்ணியமும் செய்திருக்க மாட்டார். அது வேறு விஷயம்!

ஜாக்கிரதை, மீசை வைத்தவர்களே!

சில மொழிகளில் நன்றி சொல்வதற்கு முன் நாம் யார் என்று யோசித்துக்கொள்ள வேண்டும். தாய்லாந்தில் ஆண்கள் ‘கோப் குன் க்ராப்’ என்று சொல்ல வேண்டும். பெண்கள் ‘கோப் குன் கா’. ஏர்ஹோஸ்டஸ் சொன்னதைக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு, பெரிய மீசையோடு மார்க்கெட்டில் போய் ‘கோப் குன் கா’ என்று நீங்கள் குழைந்தால், கடைக்காரப் பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொள்ளச் சிரமப்படுவார்கள்.

போர்ச்சுக்கீசிய மொழியிலும் அப்படித்தான். ஆண் சொன்னால் ‘ஒப்ரிகாடோ’, பெண் சொன்னால் ‘ஒப்ரிகாடா’. யாருக்குச் சொல்கிறோம் என்பது கணக்கில்லை. யார் சொல்கிறோம் என்பதுதான் கணக்கு. ‘நான் கட்டுப்பட்டவன்’, ‘நான் கட்டுப்பட்டவள்’ என்று அர்த்தம்.

ஹாங்காங் பக்கம் போனால் வேறு சிக்கல். அங்கே பேசும் கான்டனீஸ் மொழியில் நன்றி இரண்டு வகை. கதவைத் திறந்துவிட்டார், சர்வர் தண்ணீர் வைத்தார் என்றால் ‘ம்-கோய்’. அன்பளிப்பு கொடுத்தார், விருந்து வைத்தார் என்றால் ‘தோ-ஜே’. சேவைக்கு ஒரு நன்றி, பரிசுக்கு ஒரு நன்றி! வாயில் பண்டம் இருந்தால் அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். யாராவது கோப்பையில் தேநீர் ஊற்றும்போது, விரல்களை மடக்கி மேஜையில் ‘டொக் டொக்’ என்று தட்டினால் போதும். நன்றி என்று அர்த்தம்.

இதற்கு ஒரு கதையும் உண்டு. 18ஆம் நூற்றாண்டுச் சக்கரவர்த்தி சியென்லுங் மாறுவேஷத்தில் ஊர் சுற்றப் போனாராம். ஒரு டீக்கடையில் தானே கெட்டிலை எடுத்துப் பணியாளருக்குத் தேநீர் ஊற்றிவிட்டாராம். சக்கரவர்த்தி கையால் தேநீர்! விழுந்து கும்பிட்டால் வேஷம் கலைந்துவிடும். அதனால் விரல்களை மட்டும் மடக்கி மேஜை மேல் ‘தண்டம்’ போட்டாராம் பணியாளர். கதை நிஜமோ, பொய்யோ, பழக்கம் நிஜம்.

ஆஸ்திரேலியாவிலும் அயர்லாந்திலும் பஸ்ஸை விட்டு இறங்கும்போது டிரைவருக்கு ஒரு ‘தேங்க்ஸ்’ சொல்லிவிட்டு இறங்குவது வழக்கம். நம்ம ஊரில் பின்வாசல் வழியாகக் குதிக்கிறபோது, டிரைவர் எங்கேயோ இருக்கிறார். நடுவில் எழுபது பேர். கண்டக்டரோ, “எறங்கு, எறங்கு, சீக்கிரம் எறங்கு... ரைட்!” என்கிறார். இதில் நன்றிக்கு ஏது நேரம்?

கைக்கு மோதிரம்

எனக்கு ரொம்பப் பிடித்த நன்றி, ஈரானியருடையது. ஒருவர் உங்களுக்காக ஏதாவது செய்து கொடுத்தால், ‘தஸ்தெத் தர்த் நகோனே’ என்று சொல்வார்கள். ‘உன் கை வலிக்காமல் இருக்கட்டும்!’ (நம்ம ரிஜிஸ்தர் ஆபீஸ் தஸ்தாவேஜில் இருக்கிற அதே ‘தஸ்த்’தான். கை.) செய்தவர் சும்மா இருக்க மாட்டார். ‘உன் தலை வலிக்காமல் இருக்கட்டும்!’ என்று பதில் வாழ்த்துச் சொல்வார்.

பக்கத்திலேயே துருக்கி. அங்கே சமைத்தவரைப் பார்த்து, ‘உன் கைகளுக்கு ஆரோக்கியம்!’ என்கிறார்கள். சாப்பாட்டை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போவதில்லை. அதைக் கிளறிய கையை நினைத்துப் பார்க்கிறார்கள்.

நாமும் சளைத்தவர்கள் இல்லை. “இந்த வத்தக்குழம்பு வெச்ச கைக்கு ஒரு தங்க மோதிரம் போடணும்!” என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்? சொன்னவர்கள் ஏராளம். போட்டவர்களைத்தான் காணோம். தங்கம் விற்கிற விலையில் துருக்கிக்காரர் மாதிரி ஆரோக்கியத்தோடு நிறுத்திக் கொள்வது உசிதம்.

சிங்களத்தில் நன்றிக்கு ‘ஸ்தூதி’. வடமொழி ‘ஸ்துதி’யேதான். ஆனால் பழைய மனிதர்களின் வாயில் ‘பொஹோம பின்’ என்று வரும். ‘நிறையப் புண்ணியம்’! பெற்றவரால் பதிலுக்கு எதுவும் செய்ய முடியாதபோது, கணக்கை மேலிடத்துக்கு மாற்றி விடுகிற ஏற்பாடு. “உங்களுக்குக் கோடிப் புண்ணியம்” என்று நாம் சொல்வதும் அதே பில்லில் போடுகிற கையெழுத்துதான்.

இலை மடங்கும் திசை

சாப்பாட்டு நேரத்துக்கு வருவோம். நார்வேயில் சாப்பிட்டு முடித்த குழந்தை, நாற்காலியை விட்டு எழுந்திருக்கும்போது ‘தக் ஃபொர் மாட்டன்’ என்று சொல்லும். ‘சாப்பாட்டுக்கு நன்றி’. அம்மாவிடம்தான், சொந்த வீட்டில்தான். இன்னொரு விசேஷம்: போன வாரம் ஒருவரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தீர்கள் என்றால், அடுத்த தடவை பார்க்கும்போது ‘தக் ஃபொர் ஸிஸ்ட்’ என்று ஆரம்பிப்பார். ‘போன தடவைக்கு நன்றி’! கடன் வாங்கிய நண்பரைத் தவிர மற்ற எல்லோரையும் இப்படி வரவேற்கலாம்.

ஜப்பானில் சாப்பிட உட்காரும்போது ‘இதாதாகிமாஸ்’. தலை மேல் வைத்துக்கொள்வது என்பது அந்தச் சொல்லின் பழைய பொருள். நாம் பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி. சாப்பிட்டு முடித்ததும் ‘கொசிஸோஸாமா’. அதற்குள்ளே இருப்பது ‘ஓடியாடுவது’ என்ற பொருள் தரும் சொல். ஒரு வேளைச் சாப்பாட்டுக்காக யாரோ எங்கெங்கோ அலைந்து சாமான் சேர்த்திருக்கிறார்கள். அந்த ஓட்டத்துக்குத்தான் வணக்கம். மார்க்கெட்டில் கத்திரிக்காயை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தது, மாவு மெஷினில் நின்றது, கேஸ் தீர்ந்துபோய்த் தவித்தது... எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் அடக்கம்.

நம்ம வீட்டில் சாப்பிட்டு முடித்ததும் என்ன சொல்கிறோம்? “சாம்பார்ல உப்பு ஒரு கல்லு கம்மி.”

ஆனால் அவசரப்பட்டு நம்மை மட்டம் தட்ட வேண்டாம். நமக்கு வாய்தான் பேசாது, இலை பேசும். கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு முடித்ததும் இலையின் மேல்பாதியைத் தன் பக்கமாக மடக்குவார்கள். ‘திருப்தி, இந்த உறவு தொடரட்டும்’ என்று பொருள். துக்க வீட்டுச் சாப்பாட்டில் எதிர்ப்பக்கமாக மடக்குவார்கள். இப்படி ஒரு சந்தர்ப்பம் திரும்ப வரவேண்டாம் என்று பொருள். வாயைத் திறக்காமல் ஒரு வாழை இலையை வைத்தே நன்றி சொல்லிவிடுகிற ஜனம் நாம்!

சொன்னால் கோபம்!

என் பாட்டி கதை ஒன்று. வெளிநாட்டில் வேலை பார்க்கும் என் சித்தப்பா பையன் லீவில் வந்திருந்தான். பாட்டி டபரா செட்டில் காபி கொண்டு வந்து நீட்டினாள். பயல் அங்கே பழகிய பழக்கத்தில், “தேங்க்யூ பாட்டி” என்றான். பாட்டிக்கு முகம் சிவந்துவிட்டது.

“ஏண்டா, நான் என்ன ஓட்டல் வெச்சா நடத்தறேன்? தேங்க்யூவாம், தேங்க்யூ! நாளைக்குப் பில்லு எவ்வளவுன்னு கேப்பே போலிருக்கே!”

பாட்டிக்கு ஒரு கூட்டாளி, பூமியின் மேல் கோடியில், க்ரீன்லாந்துப் பனியில் இருந்தார் என்றால் நம்புவீர்களா? பீட்டர் ஃப்ராய்கென் என்கிற டென்மார்க்காரர், 1910ல் நூட் ராஸ்முசனோடு சேர்ந்து அங்கே துலே என்ற இடத்தில் வணிக நிலையம் அமைத்தவர். இனூயிட் மக்களோடு மக்களாக வாழ்ந்தவர். ஒரு நாள் வால்ரஸ் வேட்டைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினார். அன்றைக்கு வேட்டை கிடைத்த ஒருவர், இவர் வீட்டுக்கு ஏராளமான இறைச்சியைக் கொண்டு வந்து போட்டார். ஃப்ராய்கென் உருகி உருகி நன்றி சொன்னார். வேட்டைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. ‘மனுஷனுக்கு மனுஷன் உதவுவது இயல்பு, இதற்கு நன்றி எதற்கு? இன்றைக்கு எனக்குக் கிடைத்தது, நாளைக்கு உனக்குக் கிடைக்கும். தானம், நன்றி என்று கணக்கு ஆரம்பித்தால் ஒருவனை ஒருவன் அடிமையாக்குவதில்தான் போய் முடியும்’ என்கிற ரீதியில் பேசினாராம். ஃப்ராய்கெனின் மறைவுக்குப் பின் 1961ல் வெளிவந்த அவருடைய புத்தகத்தில் இந்தச் சம்பவம் வருகிறது.

இது ஏதோ ஒரு மூலையில் நடந்த விசித்திரம் இல்லை. 2018ல் மொழி ஆராய்ச்சியாளர்கள் சிலர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஐந்து கண்டங்களில் எட்டு மொழிகள். வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் சாதாரணமாகப் பேசிக்கொள்வதைப் பதிவு செய்தார்கள். ‘அந்த உப்பை எடு’, ‘இதைக் கொஞ்சம் பிடி’ என்று ஒருவர் கேட்டு இன்னொருவர் செய்து கொடுத்த சந்தர்ப்பங்கள் ஆயிரத்துக்கு மேல். அதில் நன்றி சொல்லப்பட்டது எத்தனை தடவை தெரியுமா? நூற்றுக்கு ஐந்தரை! மூச்சுக்கு முப்பது ‘தேங்க்ஸ்’ சொல்வதாக நாம் நினைத்துக் கொண்டிருக்கும் ஆங்கிலம் பேசுகிறவர்கள்கூட, தங்களுக்குள் இருக்கும்போது ஏழு தடவைக்கு ஒரு தடவைதான் சொல்லியிருக்கிறார்கள். தென் அமெரிக்காவில் ஈக்வடார் நாட்டின் சாபலா மொழியில் நன்றி சொல்வதற்கென்று வழக்கமான ஒரு வார்த்தையே கிடையாது. ஆனால் கேட்டதைச் செய்து கொடுப்பதில் அவர்களும் குறை வைக்கவில்லை.

ஆக, சொல்லாததால் நன்றி இல்லை என்று ஆகிவிடாது. பாட்டி பாஸ்!

அறிதலா, சொல்லுதலா?

வள்ளுவர் பதினோராவது அதிகாரத்துக்கு என்ன தலைப்புக் கொடுத்தார்? ‘செய்ந்நன்றி அறிதல்’. அவர் காலத்தில் ‘நன்றி’ என்றாலே நன்மை, உதவி. ஒருவர் செய்த நல்லதை அறிந்து மனசில் வைத்திருப்பதுதான் பாடம். வடமொழியில் ‘கிருதக்ஞதை’ என்பதும் அப்படியே, செய்ததை அறிவது. நன்மைக்கு இருந்த பெயரையே எடுத்து, நன்மை பெற்றதும் சொல்கிற வார்த்தையாக்கிக் கொண்டது பின்னால் வந்த வழக்கம். மலையாளத்தின் ‘நந்தி’யும் இதே குடும்பம்.

அதனால்தானோ என்னவோ, ‘நன்றி’ என்று நேருக்கு நேர் சொன்னால் இன்னமும் மேடையில் நிற்கிற மாதிரி இருக்கிறது. மேடை நன்றிதான் தெரியுமே. கூட்டத்தின் கடைசியில் ஒருவர் நன்றியுரைக்கு எழுந்திருப்பார். “தலைமை தாங்கிய ஐயா அவர்களுக்கும், மைக் செட் உபயம் செய்த...” என்று ஆரம்பிக்கும்போதே ஜனங்கள் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். கடைசி வாக்கியத்தைக் கேட்பதற்கு நாற்காலி மடக்கக் காத்திருக்கும் பந்தல்காரர்கள் மட்டும்தான் மிச்சம் இருப்பார்கள்.

நன்றியைக் கடனாகப் பார்க்கும் வழக்கமும் நம்மிடம் உண்டு. கர்ணன் பட்ட செஞ்சோற்றுக் கடன் தெரியாதவர் யார்? பிலிப்பைன்ஸில் இதை ‘உத்தாங் நா லோஓப்’ என்கிறார்கள். உள்ளத்துக்குள் இருக்கும் கடன். பெற்றோருக்குப் பிள்ளைகள் பட்ட இந்தக் கடன் லேசில் அடைகிற சமாசாரம் இல்லை.

வெறும் பாத்திரம்

பாட்டி ‘தேங்க்ஸ்’ வேண்டாம் என்றதற்கு ஒரு பின்னணி இருக்கிறது. அவள் வாழ்ந்த தெருவில் ஒரு வீட்டு முருங்கைக்காய் நாலு வீட்டுக் குழம்பில் மிதக்கும். அடுத்த வீட்டுக் கிண்ணத்தில் அவியல் வந்தால், அந்தக் கிண்ணம் வெறுமனே திரும்பிப் போகக் கூடாது. பண்டம் ஏதும் இல்லாவிட்டால் ஒரு ஸ்பூன் சர்க்கரையாவது போட்டு அனுப்புவாள். இன்றைக்கு எனக்கு, நாளைக்கு உனக்கு. க்ரீன்லாந்து வேட்டைக்காரர் சொன்ன அதே சட்டம்! கிண்ணம் போய்ப் போய் வருகிற தெருவில் ‘நன்றி’ என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை.

எனக்கு உறுத்துவது, கிண்ணம் ஒரே பக்கமாகப் போய்க்கொண்டிருக்கும் இடங்கள். அங்கேயும் நாம் ‘நமக்குள்ள என்ன தேங்க்ஸு?’ என்று சொல்லித் தப்பித்துக் கொள்கிறோமே, அதுதான்.

தெரிந்த ஒருவரின் ரிட்டயர்மென்ட் விழாவுக்குப் போயிருந்தேன். மாலை, பொன்னாடை, சுவர்க்கடிகாரம். மனிதர் ஏற்புரையில் யாரையும் விடவில்லை. மேலதிகாரிகளிலிருந்து டீ கொண்டு வரும் பையன் வரைக்கும் பேர் பேராகச் சொல்லி நன்றி தெரிவித்தார். டீப் பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். முன்வரிசையில் அவர் மனைவி பட்டுப் புடவையில் உட்கார்ந்து கைதட்டிக் கொண்டிருந்தார்.

டிபன் சாப்பிடும்போது அந்த அம்மாள் என் மனைவியிடம் சொன்னார்: “முப்பத்தி நாலு வருஷம், காலைல நாலரைக்கு எழுந்து டிபன் பாக்ஸ் கட்டினேன். என் பேரைக்கூட வேணாம், அந்த டிபன் பாக்ஸ் பேராவது வரும்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நாம் நன்றி அறியாதவர்கள் இல்லை. சூரியனுக்குப் பொங்கல் வைக்கிறோம். மறுநாள் மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, மாலை போடுகிறோம். ஆயுத பூஜையன்று கத்தரிக்கோல், ஸ்பானர், ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் உண்டு. அமெரிக்காவில் நவம்பர் மாதத்து நாலாவது வியாழக்கிழமையன்று ‘தேங்க்ஸ்கிவிங்’ கொண்டாடுகிறார்கள். ஜப்பானில் 1948லிருந்து, உழைப்புக்கு நன்றி சொல்லவே நவம்பர் 23ஆம் தேதி விடுமுறை. நமக்கு மாட்டுக்கு ஒரு நாள் இருக்கிறது, ஸ்பானருக்கு ஒரு நாள் இருக்கிறது. நாலரை மணிக்கு எழுந்திருக்கிறவருக்கு? விடியற்காலையில் நம் தெருக் குப்பையை வாரிக்கொண்டு போகிறவருக்கு? அவர்களிடமிருந்து வந்த கிண்ணத்தில் நாம் என்றைக்குச் சர்க்கரை போட்டோம்?

திடீரென்று இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கைகூப்பி ‘நன்றி’ என்று சொல்லிவிடாதீர்கள். “என்னங்க, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?” என்று நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார்கள். வேறு வழிகள்தான் உலகம் பூராவும் இறைந்து கிடக்கின்றனவே! துருக்கிக்காரரைப் போலக் கையை விசாரிக்கலாம். “காலைலேர்ந்து நிக்கிறியே, கால் வலிக்கலையா?” என்பது அசல் ஈரானிய நன்றி. ஜப்பானியரைப் போல ஓட்டத்தைக் கவனிக்கலாம். ஒரு நாள் அந்த ஓட்டத்தை நாமே ஓடியும் பார்க்கலாம். குப்பை வண்டிக்காரருக்கு வெயில் நேரத்தில் ஒரு சொம்பு மோர். அவரைப் பேர் சொல்லி, மரியாதையோடு கூப்பிட்டால் அதுவே பாதி நன்றி. நார்வேக்காரரைப் போல, “போன ஞாயித்துக்கிழமை வெச்சியே ஒரு ரசம்...” என்று ஆரம்பிக்கலாம். பாட்டிகளுக்குக்கூட அதில் கோபம் வராது.

டிபன் பாக்ஸும் ஒரு பாத்திரம்தான். சாயந்திரம் அது காலியாகத் திரும்பினால் கட்டிக் கொடுத்தவருக்குச் சந்தோஷம். முப்பத்தி நாலு வருஷமும் அது வெறுமனேயே திரும்பினால்?